கடல் கடந்து செல்லும் சபைக் குழு: ஆயத்தம் பற்றிய சில குறிப்புகள்

ஆனி மாதத்தில் தென்மேற்குப் பருவக் காற்று மலையைத் தாண்டி வீசத் தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராட மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேருகிறார்கள். வடகரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நமக்கு இக்காட்சி புதிதன்று. அடவிநயினார் அணையைக் காணச் செல்லும் வண்டிகள் நம் வயல்களின் ஓரமாகவே போகின்றன. வருகிறவர்கள் அருவிகளின் பெயர்களை அறிவார்கள். எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் இடத்தையும் பழக்கடையையும் அறிவார்கள். ஆனால், வழியோர வயலில் நாற்று நடுகிறவரின் பெயரை அறியமாட்டார்கள். அவர்களிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. வந்தார்கள், நீராடினார்கள், மகிழ்ந்தார்கள், சென்றார்கள். நாம் அவர்களைச் சீசன்காரர்கள் என்று அழைக்கிறோம்.

அண்மைக் காலத்தில் நம் வட்டாரச் சபைகள் பலவற்றில் ஒரு புதிய ஆர்வம் எழும்பியிருக்கிறது. பத்து நாட்களுக்கோ இரண்டு வாரங்களுக்கோ ஒரு குழுவை இலங்கைக்கும், நேபாளத்திற்கும், மலேசியாவிற்கும் ஊழியத்திற்காக அனுப்ப வேண்டும் என்று இளைஞர் சங்கங்களும் பெண்கள் ஐக்கிய சங்கங்களும் விரும்புகின்றன. குழுவை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்று ஆயர்கள் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. பெரும்பாலும் அவர்கள் எதிர்பார்க்கும் விடை பயணச் சீட்டு, பாடல் பட்டியல், நாடகம், துண்டுப்பிரதி ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கிறது. இவை வேண்டியவைதாம். ஆயினும் இவற்றிற்கு முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் ஊருக்கு வரும் சீசன்காரர்களைப் போல நாமும் இன்னொருவர் ஊருக்குப் போய்த் திரும்பப்போகிறோமா? ஆயத்தம் என்பது முழுவதும் இக்கேள்வியைச் சார்ந்தது என்பதே நமது கருத்து. கொடுப்பதற்காகவே போகிறோம் என்று நினைக்கும் குழுவை, பெற்றுக்கொள்ளவும் பெற்றதற்குப் பொறுப்பேற்கவும் மனமுள்ள குழுவாக மாற்றுவதே ஆயத்தத்தின் உட்பொருள்.

1902: ஒரு குறுகிய பயணம்

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றிலேயே அது இருக்கிறது.

வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்டு 17ஆம் நாள் ஓர் ஆயரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் செயலராகப் பணியாற்றிவந்த அவர், 1902ஆம் ஆண்டில் ஊழியத்தின்பொருட்டு யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள இளைஞர்களை ஊக்குவிப்பதே பயணத்தின் நோக்கம். யாழ்ப்பாணச் சபைகள் 1816இல் அங்கு வந்த அமெரிக்க மிஷனெரிகளின் பணியால் வளர்ந்தவை. 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கப்பெற்ற செமினெரி, தமிழ்க் கல்வி வரலாற்றில் பெயர்பெற்றது.

அசரியா அங்கே எதிர்பாராத ஒன்றைக் கண்டார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இளைஞர்கள் தாங்களே ஒரு மிஷனெரிச் சங்கத்தை நிறுவி, தங்கள் காசைச் சேர்த்து, கடலுக்கு இப்பால் இராமநாதபுரம் கரையிலுள்ள தொண்டியில் ஊழியம் நடத்திவந்தார்கள். அதாவது, அசரியா எந்தத் தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஊழியம் செய்யப் போனாரோ, அதே தமிழ்நாட்டிற்கு அவர்கள் ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலோ பாளையங்கோட்டைச் சபை 1780இலேயே தோன்றியிருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், ஆயிரமாயிரமாகப் பெருகியிருந்தும், தன் சொந்தப் பொறுப்பில் தமிழ்நாட்டிற்கு வெளியே ஒரு மிஷனெரியையும் அத்திருச்சபை அனுப்பியிருக்கவில்லை. இந்த உணர்வு அவரைக் குத்திற்று. கற்பிக்கப் போனவர் கற்றவராகத் திரும்பினார்.

திரும்பியவர் வாளாவிருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்பது அதன் கொள்கையாயிற்று. ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல் அதன் முதற் பணித்தளம். மொழியோ தெலுங்கு, உணவும் பழக்கவழக்கமும் வேறு. பிறரை அனுப்பிய அசரியா 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்குச் சென்றார், தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945 சனவரி 1ஆம் நாள் தோர்ணக்கலிலேயே மரித்தார்.

யாழ்ப்பாணத்தில் அவர் நடத்திய கூட்டங்களில் என்ன பேசினார் என்பதை இன்று நம் சபைகளில் எவரும் நினைவுகூர்வதில்லை. அங்கே அவர் கண்டதும், கண்டதை நெஞ்சில் தாங்கித் திரும்பி வந்ததுமே வரலாறாயின. குறுகிய காலப் பயணத்தின் கனி போன இடத்தில் மட்டும் காய்ப்பதில்லை. அனுப்பிய சபையிலும் காய்க்கக்கூடும். இதை அறியாத ஆயத்தம் பாதி ஆயத்தமே.

நீண்ட பணியின் கிளை

குறுகிய கால ஊழியம் இக்காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறன்று. கேம்பிரிட்ஜில் கற்றவரும் சென்னையில் சி.எம்.எஸ். செயலராயிருந்தவருமான தாமஸ் ராக்லண்டு, 1854 முதல் வடதிருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரமிட்டு நற்செய்தி அறிவித்து, 1858 அக்டோபரில் சிவகாசியில் மரித்தார். அவருடைய பணிக்குத் தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை மாத முறையில் அனுப்பித் தாங்கின. ஒருவர் ஒரு மாதம் ஊழியம் செய்து திரும்புவார், அடுத்தவர் வருவார். அதே காலத்தில், இலங்கையின் மலைத்தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே, கூலி என்ற இழிசொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ 1854இல் தொடங்கியது. அதற்கும் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் சென்றார்கள்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. ஒரு மாதத்திற்கு வந்த உபதேசியார் தனித்து நிற்கவில்லை. அவர் வருமுன்னும் பணி இருந்தது. அவர் போன பின்னும் பணி இருந்தது. ராக்லண்டும் அவருடைய தோழர்களும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்தார்கள். மரத்தோடு சேர்ந்திருந்ததால் கிளை காய்த்தது. தாங்கி நிற்கும் நீண்ட காலப் பணி ஏதுமில்லாத இடத்திற்குப் பத்து நாள் குழுவை அனுப்புவது, வேரில்லாக் கிளையை மண்ணில் குத்திவைப்பதற்கு ஒப்பாகும்.

நாம் செய்த பிழை

பிறருக்குச் சொல்லுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்வது நலம். இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, பன்னிருவர் கொண்ட ஒரு குழுவை அங்குள்ள தேயிலைத் தோட்டப் பகுதி ஒன்றிற்கு நாம் அழைத்துச் சென்றோம். பயணத்திற்கு முன் ஆறு வாரம் ஆயத்தம் செய்தோம். பாடல்கள் பழகினோம், மூன்று செய்திகளை எழுதிக்கொண்டோம், நாற்பது புத்தகப் பைகளும் எழுதுபொருள்களும் சேர்த்தோம். போகும் மக்களைப் பற்றி ஒருநாளும் உட்கார்ந்து பேசவில்லை.

நாங்கள் வைத்த முதற் கூட்டம் காலை பத்து மணிக்கு. பெண்கள் பலர் வந்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தோம். பிற்பாடுதான் அறிந்தோம்: குறித்த அளவு கொழுந்து பறித்தால்தான் முழுநாட் சம்பளம்; இடையில் வந்தவர்களுக்கு அன்று அரைப்பேர்தான். எங்கள் பிரசங்கத்தைக் கேட்க அவர்கள் அரைநாட் கூலியைக் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் அதை ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு நண்பகல் லயத்து வீடொன்றில் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் எங்களுக்குச் சோறு பரிமாறினார். எந்த ஊர் என்று விசாரித்தார். தென்காசிப் பக்கம் என்றதும் அவர் கை நின்றுவிட்டது. “எங்க பாட்டனுக்கும் தென்காசிப் பக்கந்தான் ஐயா. குற்றாலத்துல இன்னும் தண்ணி விழுதா?” என்று கேட்டார். பாட்டனார் சொன்ன ஓர் ஊரின் பெயரையும் சொல்லி, அதை அறிவீர்களா என்றார். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். “கூட்டத்துக்கு நேரமாகிறது, அம்மா; பிறகு பேசுவோம்” என்று சொல்லி எழுந்தோம். பிறகு பேசவில்லை.

புறப்படும் நாளுக்கு முந்திய இரவில், ஆறு தோட்டங்களுக்கு நடந்தே ஊழியம் செய்துவந்த அந்த இடத்துப் போதகர் நம்மிடம் மெல்லிய குரலில் சொன்னார்: “ஐயா, நீங்கள் கொடுத்த பைகள் நல்லவை. ஆனால், நாளையிலிருந்து பிள்ளைகள் என் கையையும் பார்ப்பார்கள். என் கை வெறுங்கை.” அவர் குறைகூறவில்லை, தம் நிலைமையைச் சொன்னார். அந்தப் பைகளை அவரிடம் ஒப்படைத்து, சபையார் கூடி முடிவுசெய்து கொடுக்கும்படி விட்டிருக்கலாம். எங்கள் கையாலேயே கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகள் கழித்து நால்வராக மறுபடியும் சென்றோம். அந்த அம்மா இல்லை.

எவ்வாறு ஆயத்தப்படுத்துவது?

மேற்கூறியவற்றிலிருந்து நாம் கற்ற பாடங்களைச் சபைகளின் பயனுக்காக ஒழுங்குபடுத்தித் தருகிறோம். மூன்று மாதத்திற்குக் குறையாத ஆயத்த காலமும், இரு வாரங்களுக்கு ஒருமுறை கூடும் கூட்டமும் இருக்குமானால் இவற்றை நிறைவேற்றலாம்.

1. அழைப்பு. நாம் போக விரும்புகிறோம் என்பது அழைப்பாகாது. அங்குள்ள சபை நம்மை வரச்சொல்ல வேண்டும். எப்போது, எத்தனை பேர், எதற்காக என்பதையும் அச்சபையே முடிவுசெய்ய வேண்டும். அவர்களுடைய அறுவடைக் காலம், வேலை நேரம், பள்ளித் தேர்வு ஆகியவை நம் விடுமுறையைவிட முக்கியமானவை. “உங்களுக்கு எங்களால் என்ன செய்யமுடியும்?” என்று கேட்பதோடு, “நாங்கள் வராமலிருப்பது உங்களுக்கு எளிதாக இருக்குமா?” என்றும் நேர்மையாகக் கேட்கவேண்டும். ஆம் என்று அவர்கள் எழுதினால் அதுவும் ஆண்டவரின் வழிநடத்துதலே.

2. தெரிவு. அந்தியோகியா சபை தன்னிடமிருந்த போதகர்களில் சிறந்த இருவரை அனுப்பியது என்று அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பணம் கட்ட முடிந்தவர்களே குழு என்றால், அது சுற்றுலாவுக்கே பொருந்தும். சபை தெரிந்தெடுத்து, சபையே செலவைத் தாங்கவேண்டும். எண்ணிக்கை சிறியதாக இருத்தல் நன்று. பன்னிருவர் வந்தால் ஏழை வீட்டில் விருந்து. நால்வர் வந்தால் சாப்பாடு. உள்ளூரில் மூப்பர்களோடு ஒத்துழைக்காதவர், பிறர் சமைத்ததைக் குறைகூறுபவர், ஊரில் ஒருவரையும் சந்திக்கப் போகாதவர் ஆகியோர் கடல் கடந்ததும் மாறிவிடுவதில்லை.

3. வரலாறு. எந்த மக்களிடம் போகிறோமோ அவர்களின் வரலாற்றைக் குழுவினர் ஒவ்வொருவரும் கற்கவேண்டும். எடுத்துக்காட்டாக, மலையகத் தமிழரை எடுத்துக்கொள்வோம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் சந்ததியார் அவர்கள். 1867இல் தேயிலை வந்தபின் அவர்கள் உழைப்பே அந்நாட்டின் செல்வமாயிற்று. எனினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இதை அறிந்திருந்தால், பாட்டனாரின் ஊரைப் பற்றி அந்த அம்மா கேட்டது வெறும் உரையாடல் அன்று என்பதை நாம் உணர்ந்திருப்போம். யாழ்ப்பாணத்தாரின் வரலாறு வேறு. அவர்களுடைய பேச்சும் வேறு. தமிழ் பேசுகிறவர்கள்தானே என்று அசட்டையாகப் போவது ஆபத்து. அதே வேளையில், யாழ்ப்பாண அத்தியட்சாதீனம் 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதே அதன் பகுதியாக இணைந்தது என்பதையும் நம் இளைஞர்கள் அறியவேண்டும். பாஸ்போர்ட்டோடு போகவேண்டிய நாட்டில் நம் சொந்தத் திருச்சபை இருக்கிறது.

4. சட்டம். இதில் பலர் கவனக்குறைவாயிருக்கிறார்கள். சுற்றுலாவுக்கென்று பெற்ற அனுமதியில் சென்று கூட்டம் நடத்துவது பல நாடுகளில் குற்றம். போகும் நோக்கத்தை மறைக்காமல் எழுதி, அதற்குரிய விசாவையே கேட்கவேண்டும். சிங்கப்பூரில் சமயக் கூட்டங்களில் பேசும் அயல்நாட்டவர் முன்னதாகவே அரசின் அனுமதி பெறவேண்டும். மலேசிய அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. நேபாளத்திற்குப் போக நமக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் அந்நாட்டின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அதற்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. நாம் துணிந்து ஏதேனும் செய்துவிட்டு விமானமேறிவிடுவோம். விசாரணைக்கு நிற்கவேண்டியவர் அவ்வூர்ப் போதகர். பிறர் சிறைக்குப் போகும்படி நாம் காட்டும் துணிவு விசுவாசமாகாது.

5. உடல்நலம். அங்குள்ள தண்ணீரும் கொசுவும் நம்மை என்ன செய்யுமோ என்று அஞ்சுகிறோம். நாம் அவர்களுக்கு எதைக் கொண்டுபோகிறோம் என்று எண்ணுவதில்லை. இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் நாட்டில் அந்நோய் இன்னும் இருக்கிறது. காய்ச்சலோடு ஒருவர் அங்குச் சென்றால், அந்நாட்டார் பல ஆண்டு உழைப்பால் பெற்றதற்கு அவரால் கேடு வரக்கூடும். ஆகவே புறப்படுமுன் மருத்துவப் பரிசோதனை வேண்டும். அங்கே காய்ச்சல் கண்டால் இந்தியாவிலிருந்து வந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

6. பணமும் பொருளும். கொண்டுபோவது எதுவாயினும் அங்குள்ள சபையின் கைக்கே போகவேண்டும். அச்சபையின் குழு தீர்மானித்து, அச்சபையின் பெயரால் வழங்கவேண்டும். தனிப்பட்டவருக்கு இரகசியமாகப் பணம் கொடுப்பதைக் குழுவினர் அனைவரும் தவிர்க்க உடன்பட வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரின் சம்மதமின்றிப் படமெடுக்கக் கூடாது. நம் சபைச் சுவரொட்டிக்காக எவருடைய வறுமையையும் பயன்படுத்தக் கூடாது.

7. உணவும் உறைவிடமும். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது, வீட்டுக்கு வீடு மாறாமல் ஒரே வீட்டில் தங்கி, அவர்கள் கொடுப்பதை உண்ணும்படி கட்டளையிட்டார். பணப்பையின்றி அவர்களை அனுப்பினார். அனுப்பப்பட்டவன் விருந்தாளியாக இருக்கவேண்டும், பிறர் கையால் உண்ணவேண்டும், பிறரைச் சார்ந்திருக்கவேண்டும். விடுதியில் தங்கி மாலையில் மட்டும் வந்து பிரசங்கிப்பவரால் இதைக் கற்கமுடியாது. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா பேசியபோது, மேனாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை நன்றியோடு போற்றிவிட்டு, அதற்கும் மேலாக அவர்களின் நட்பையே இந்தியத் திருச்சபை எதிர்பார்க்கிறது என்று உணர்த்தினார். அன்று நாம் பிறரிடம் கேட்டதை இன்று பிறர் நம்மிடம் கேட்கிறார்கள்.

ஒரு நியாயமான மறுப்பு

“இத்தனை செலவு செய்து போவானேன்? அந்தப் பணத்தை அப்படியே அவர்களுக்கு அனுப்பிவிடலாமே” என்று சபைக் கமிட்டிகளில் கேட்கப்படுவதுண்டு. இது அற்பமான கேள்வியன்று. கட்டடம் கட்டுவதோ சுவருக்கு வெள்ளையடிப்பதோ மட்டுமே நோக்கமாயின், பணத்தை அனுப்புவதே நேர்மையானது. அவ்வூரில் கொத்தனாரும் உண்டு, கூலி தேவைப்படுவோரும் உண்டு.

ஆனால் திருச்சபை பண அஞ்சலால் மட்டும் வாழ்வதில்லை. எருசலேம் சபை அந்தியோகியாவுக்குப் பர்னபாவை அனுப்பியபோது, அவர் முதலில் தேவகிருபையைக் கண்டார், மகிழ்ந்தார், அதன் பின்னரே புத்தி சொன்னார் என்று அப்போஸ்தலர் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. ரோமருக்கு எழுதிய பவுலும் தாம் கொடுக்க வருவதாகத் தொடங்கி, உடனேயே தம்மைத் திருத்திக்கொள்வதுபோல, இருதரத்தாரின் விசுவாசத்தாலும் ஒருவருக்கொருவர் ஆறுதலடைவதைப் பற்றிப் பேசுகிறார் (ரோமர் 1:11,12). முகமுகமாய்ச் சந்திப்பதற்கு ஈடு இல்லை. அசரியா யாழ்ப்பாணத்துக்குப் பணம் மட்டும் அனுப்பியிருந்தால், தொண்டியிலுள்ள பணியைப்பற்றி ஒருவேளை ஒரு கடிதத்தில் வாசித்திருப்பார். கண்டதுபோல் அது அவரைக் குத்தியிருக்குமா? ஆகவே நம் விடை இதுவே: கற்கவும், கற்றதற்கு ஏற்ப மாறவும் ஆயத்தமுள்ள குழுவாயின் போகட்டும், இல்லையேல் பணத்தை அனுப்பட்டும்.

திரும்பி வருதல்

பெரும்பாலான குழுக்களின் ஆயத்தம் புறப்படும் நாளோடு முடிகிறது. நாம் காணும் பெருங்குறை இதுவே. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பிச் சபையைக் கூட்டி, தேவன் தங்களைக்கொண்டு செய்தவற்றை அறிவித்தார்கள். பின்பு சீஷரோடு நெடுங்காலம் தங்கினார்கள். லூக்கா 10இல் எழுபது பேரும் பிசாசுகள் தங்களுக்குக் கீழ்ப்படிந்ததைச் சந்தோஷத்தோடு அறிவித்தபோது, ஆண்டவர் அவர்களின் சந்தோஷத்தையே திருத்தினார். எனவே திரும்பிய குழுவிடம் சபை கேட்கவேண்டியது எத்தனை கூட்டம் நடத்தினீர்கள் என்பதன்று. யார் வீட்டில் உண்டீர்கள்? யாருடைய பெயரை ஜெபத்தில் தாங்குகிறீர்கள்? அவர்களிடமிருந்து எதைக் கற்றீர்கள்? இனி நம் சபையில் எது மாறவேண்டும்? இந்த நான்கு கேள்விகளையும் புறப்படுமுன்னரே குழுவிடம் கொடுத்துவிட்டால், அவர்கள் கண்களைத் திறந்துகொண்டே போவார்கள்.

ஆயத்தத்தில் தவறாமல் சேர்க்கும்படி ஒரு பயிற்சியையும் பரிந்துரைக்கிறோம். 1983 முதல் கடல் கடந்து இங்கு வந்த இலங்கைத் தமிழர்களின் மறுவாழ்வு முகாம்கள் தமிழகமெங்கும் உள்ளன. நெல்லைப் பகுதியிலும் உள்ளன. முகாம்களில் பிறந்து வளர்ந்து, இங்கேயே பிள்ளைகளைப் பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். விமானமேறுமுன் குழுவினர் அங்கே சில முறை போகட்டும். பிரசங்கம் வேண்டாம், பை வேண்டாம். உட்கார்ந்து கேட்கட்டும். நம் வட்டாரத்து உணவுவிடுதிகளிலும் கட்டட வேலைகளிலும் வடமாநிலத்து இளைஞர்கள் உழைக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது ஊரும் பெயரும் கேட்டு அறியட்டும். பக்கத்திலிருக்கும் அந்நியரை அறிய நேரமில்லாத சபைக்கு, கடலுக்கு அப்பாலிருப்பவரை அறிய எப்படி நேரம் கிடைக்கும்?

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் தொடங்கப்பெற்றபோது, யாழ்ப்பாணத்திற்குப் பழைய கடல்வழி மறுபடியும் திறந்தது. பயணம் நம் முன்னோருக்கு இருந்ததைவிட எளிதாகிவிட்டது. போவது எளிதாகும்போது ஆயத்தமின்றிப் போவதும் எளிதாகிறது. இதையே நாம் அஞ்சுகிறோம்.

அந்த அம்மா சொன்ன ஊரின் பெயரை நாம் குறித்துக்கொள்ளவில்லை. தென்காசிப் பக்கம் என்பது மட்டும் நினைவிலிருக்கிறது. வடகரையிலிருந்து பார்த்தால் எத்தனையோ ஊர்கள் தெரிகின்றன. அவற்றில் எது என்று இப்போது யாரிடம் கேட்பது? அடுத்த முறை நம் சபையிலிருந்து ஒரு குழு புறப்படும்போது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுப்போம். அதில் பிரசங்கக் குறிப்பு எழுத வேண்டாம். உணவளித்தவர்களின் பெயர்களையும் அவர்கள் கேட்ட கேள்விகளையும் எழுதட்டும். குற்றாலத்தில் இன்னும் தண்ணீர் விழுகிறதா என்று எவரேனும் கேட்டால், உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு, கூட்டத்திற்குச் சற்றுப் பிந்தியே போகட்டும்.